ஜூன் விடுமுறையில் கால்வாய்ப் படகு: முதன்முறை சுக்கான் பிடிப்பவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா புறப்படும் நம் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பத்து நாள், ஐந்து நாடு, தினமும் விடிகாலையில் பெட்டியைக் கட்டு, பஸ்ஸில் ஏறு. அதில் சலித்துப்போனவர்களுக்கு நான் சொல்வது தென் பிரான்ஸின் ‘கனால் து மிதி’ என்ற பழைய கால்வாயை. ஒரு மோட்டார் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். படகோட்டி கிடையாது, வழிகாட்டி கிடையாது.

இதைக் கேட்டதும் எல்லாரும் “எனக்குப் படகு ஓட்டத் தெரியாதே” என்கிறார்கள். அது சின்னக் கவலை. அரை நாளில் தீர்ந்துவிடும். நேரக் கணக்குதான் பெரிய கவலை. எம்ஆர்டி நேரத்தில் பழகிய மனதை அப்படியே கால்வாய்க்குக் கொண்டுபோனால் முதல் இரண்டு நாளும் வீட்டுச் சண்டையில் போகும். இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடக் கூடாது. வழியில் எத்தனை லாக் இருக்கின்றன, அவற்றை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த ஒரு கல் தொட்டி. கால்வாயின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவில் இருக்கும். படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை விடுவார்கள் அல்லது வடிப்பார்கள். படகு மட்டம் மாறியதும் மறுபக்கக் கதவு திறக்கும். கால்வாய் மேடேறுவதும் இறங்குவதும் இப்படித்தான்.

எங்கே போகிறோம்

பதினான்காம் லூயி மன்னரின் ஆணையோடு 1666-இல் வேலை தொடங்கி, 1681-இல் கால்வாய் திறக்கப்பட்டது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துத் தோ காயல் வரை 240 கி.மீ. நீளம். ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியாகப் போகும் நெடுங்கடல் வழியையும் கடற்கொள்ளையரையும் தவிர்க்கவே இதை வெட்டினார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததால் சிங்கப்பூர்த் துறைமுகம் எப்படி வளர்ந்தது என்று பள்ளியில் படித்த நமக்குக் குறுக்குவழிக் கால்வாயின் அருமை புரியாமல் போகாது.

கட்டியவர் பியேர்-போல் ரிக்கே, உப்புவரி வசூலிக்கும் பொறுப்பிலிருந்தவர். மேட்டின் உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவருவதுதான் அவர் எதிர்கொண்ட சிக்கல். ஒவ்வொரு முறை லாக்கைத் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே ஓடிவிடும். உச்சியில் ஊற்று இல்லாவிட்டால் கால்வாய் வற்றிவிடும். கருமலைத் தொடரின் ஓடைகளை மறித்து சேன்-ஃபெரெயோல் என்ற நீர்த்தேக்கத்தைக் கட்டி, 189 மீட்டர் உயரத்திலுள்ள நோரூஸ் மேட்டுக்கு நீரைக் கொண்டுவந்து, அங்கிருந்து இரு பக்கமும் இறங்கவிட்டார். நீர்த்தேக்கங்களை நம்பி வாழும் ஊர்க்காரர்களாகிய நாம் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். சொந்தப் பணத்தையும் இதில் கொட்டிய மனிதர், திறப்பு விழாவுக்குச் சில மாதம் முன்பு, 1680-இல் இறந்துபோனார். யுனெஸ்கோ 1996-இல் இக்கால்வாயை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

சரக்குப் படகுகள் எப்போதோ போய்விட்டன. ரயில் வந்து அந்த வணிகத்தை விழுங்கிவிட்டது. இன்றைக்கு ஓடுவதில் பெரும்பகுதி உல்லாசப் படகுகள்.

தாள்களும் தேதிகளும்

சிங்கப்பூர்க் கடலில் விசைப்படகு ஓட்டக் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். பிரான்ஸில் வாடகைக்கு விடும் கால்வாய்ப் படகுக்கு அப்படி எதுவும் வேண்டாம். நிறுவனமே அரை மணி, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்து, அந்த வாரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதிச் சீட்டை எழுதித் தந்துவிடும்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் பிரான்ஸ் உள்ளிட்ட ஷெங்கன் கூட்டு விசா நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இணையவழி முன்னனுமதி முறை ஒன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவருவதால், டிக்கெட் எடுக்குமுன் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடுதரும் பயணக் காப்புறுதி வேண்டும். ஜூன் விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே ஒரே வீட்டில் கணவருக்கு ஒரு கடப்பிதழ், மனைவிக்கு இன்னொன்று என்றிருந்தால் விசா தேவைப்படுபவரை வைத்தே நாள் குறியுங்கள்.

ஜூன் மாதம் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் பிரான்ஸே விடுமுறையில் இருக்கும். கால்வாயில் நெரிசல், வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் உண்டு. ஜூன் 21 அன்று பிரான்ஸ் முழுவதும் இசைத் திருநாள். அன்று மாலை ஏதாவது ஓர் ஊர்த்துறையில் படகைக் கட்டும்படி பார்த்துக்கொண்டால் தெருவிலேயே கச்சேரி கேட்கலாம்.

சாங்கியிலிருந்து பாரிஸ் போய் அங்கிருந்து அதிவேக ரயிலில் துலூஸ், நார்போன் அல்லது பெசியே போகலாம். பார்சலோனாவில் இறங்கினாலும் நார்போனுக்கு ரயில் உண்டு. படகைப் பிற்பகலில்தான் தருவார்கள். விமானத்தில் இறங்கிய அன்றே படகில் ஏறும் திட்டம் மட்டும் வேண்டாம். ஆறு மணி நேர வேறுபாட்டில் தூக்கம் கலைந்த கண்ணோடு பன்னிரண்டு மீட்டர்ப் படகைத் துறையிலிருந்து வெளியே எடுப்பது நல்ல தொடக்கமில்லை. ஓர் இரவு நகரத்தில் தங்கிவிட்டுப் போங்கள்.

எந்தப் பகுதி, எத்தனை லாக்

240 கி.மீ. முழுவதையும் ஒரு வாரத்தில் பார்த்துவிட நினைப்பது நமக்கே உரிய ஆசை. விட்டுவிடுங்கள். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ. சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதையில் மின்சைக்கிளுக்குக்கூட 25 கி.மீ. அனுமதி உண்டு. வேகமாகப் போனால் படகு எழுப்பும் அலை கரையை அரித்துவிடும் என்பதால்தான் இந்த வரம்பு. கட்டிவைத்த படகுகளைக் கடக்கும்போது இன்னும் குறைக்க வேண்டும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். மணிக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாக்குக்கும் இருபது நிமிடம் கூட்டுங்கள். முன்னால் படகுகள் வரிசையில் நின்றால் அது ஒரு மணி நேரமாகும். மதியம் சாப்பாட்டுக்காக லாக்கைச் சுமார் ஒரு மணி நேரம் மூடுவார்கள். கோடையில் மாலை ஏழு மணிக்கு அன்றைய வேலை முடிந்தது. ஏழு அடித்து இரண்டு நிமிடம் கழித்து நீங்கள் வந்தால் கதவு திறக்காது. கெஞ்சினாலும் திறக்காது. ஒரு நாளுக்கு ஓட்டம் நாலைந்து மணி நேரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எல்லாருக்கும் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

முதன்முறை போகிறவர்களுக்கு, அதிலும் தாத்தா பாட்டியோடு போகிறவர்களுக்கு, நான் சொல்லும் பகுதி ஓம்ப்ஸ் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே கொலோம்பியே வரை போய்த் திரும்புவது. போக சுமார் 55 கி.மீ., வர அதே தூரம். புறப்பட்டதும் சில லாக்குகள் அடுத்தடுத்து வரும். அர்ஜான்ஸ் லாக்கோடு அவை முடிந்துவிடும். அதன்பின் பெசியே நகரத்து வாசல் வரை 54 கி.மீ. தூரத்துக்கு ஒரு லாக்கும் கிடையாது. முதல் நாள் பாடம் படித்துவிட்டு, நடுவில் நான்கைந்து நாள் நிம்மதியாக ஓட்டி, கடைசி நாள் அதே லாக்குகளில் தேர்வு எழுதித் திரும்பலாம். இன்னொரு வசதி, போகும்போது இறங்குமுகம். லாக்கில் இறங்குவது எளிது, ஏறுவது கடினம். எளியதை முதலில் கற்றுக்கொள்ளலாம்.

கர்கசோன் கோட்டையைப் படகிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். அந்தப் பக்கம் லாக்குகள் அதிகம். த்ரெப் ஊரில் மூன்று தொட்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கோட்டையை ரயிலில் போய்ப் பாருங்கள். பழகிய கைகள் நாலைந்து இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்பலாம்.

படகைத் தேர்ந்தெடுப்பது

ஆறு பேர் தூங்கலாம் என்று விளம்பரம் சொன்னால், நாலு பேர் நிம்மதியாகத் தூங்கலாம் என்று புரிந்துகொள்ளுங்கள். வரவேற்பறை இருக்கையை விரித்து மெத்தையாக்குவதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. ஆளுக்கு ஒரு பெரிய சக்கரப்பெட்டி கொண்டுவந்தால் வைக்க இடமிருக்காது. மடித்து வைக்கக்கூடிய துணிப்பை நல்லது.

வாடகை என்று போட்டிருக்கும் தொகையோடு கணக்கு முடியாது. முன்வைப்புத் தொகை அல்லது சேதக் காப்புறுதி, எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் டீசல், சைக்கிள் வாடகை, சுத்தம் செய்யும் கட்டணம், புறப்பட்ட துறைக்குத் திரும்பாமல் வேறு துறையில் விட்டால் அதற்கொன்று என எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சைக்கிளைக் கட்டாயம் எடுங்கள். கரையோரமாகவே பழைய இழுவைப் பாதை ஓடுகிறது. முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன வழி. காலையில் ரொட்டி வாங்கி வருவது முதல் பிள்ளைகளின் சக்தியை வடிப்பது வரை அந்த சைக்கிள்தான் உதவும்.

படகில் சுக்கான் எங்கெங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளேயும் மேல்தளத்திலும் இரண்டு சுக்கான் இருக்கும் படகில் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வசதி. முன்முனையில் பக்கவாட்டு உந்தி இருந்தால் கூடுதல் காசு கொடுத்தாவது எடுங்கள். குறுகிய இடத்தில் படகின் மூக்கைத் திருப்ப அதைவிட நல்ல துணை இல்லை.

ஒப்படைக்கும் நேரம்

பெரும்பாலும் பிற்பகலில் படகைக் கையில் கொடுப்பார்கள். பாடம் எடுக்கிறவருக்கு உங்களுக்குப் பின்னால் இன்னும் சில குடும்பங்கள் காத்திருக்கும், ஆகவே வேகமாகப் பேசுவார். ஒருவர் அவர் பேசுவதையும் கையசைவையும் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். இன்னொருவர் படகைச் சுற்றிவந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் அடிபட்ட இடங்களையும் படமெடுக்கட்டும்.

கேட்க வேண்டியவை: குடிநீர்த் தொட்டியின் கொள்ளளவு, எங்கெங்கே நிரப்பலாம், சமையல் எரிவாயுவை மூடும் திருகு எங்கே, எஞ்சின் குளிர்நீர் வடிகட்டியை எப்படித் திறப்பது, கழிவறையில் தண்ணீர் எப்படி ஓடும், இந்த வாரம் லாக் நேரங்கள் என்ன, பழுதானால் எந்த எண்ணுக்கு அழைப்பது. கழிவறை பெரும்பாலும் கையால் அடிக்கும் பம்பாகவோ சிறு மின்பம்பாகவோ இருக்கும். ஈரத்துடைப்பானைப் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் குவளையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

ஓட்டுவது

படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் பின்னோக்கு விசை கொடுக்க வேண்டும், அதற்கும் படகு மெல்லத்தான் கேட்கும். சுக்கானைத் திருப்பினால் இரண்டு மூன்று விநாடி ஒன்றும் நடக்காது. புதியவர்கள் உடனே இன்னும் திருப்புவார்கள். அப்போது படகு ஒரேயடியாகத் திரும்பிக் கரையைப் பார்க்கும். பயந்து மறுபக்கம் திருப்புவார்கள். பாம்பு போல வளைந்து வளைந்து போவார்கள். கொஞ்சமாகத் திருப்பி, சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து, காத்திருங்கள். காரில் முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் வரும். படகு நடுவில் சுழலும். மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். துறையிலிருந்து விலகும்போது முழுத்திருப்பு கொடுத்தால் வால்பகுதி சுவரில் இடிப்பது இதனால்தான். பின்னோக்கிப் போகும்போது சுக்கான் கிட்டத்தட்டப் பேச்சைக் கேட்காது.

சிங்கப்பூர்ச் சாலைப் பழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். எதிரே வரும் படகு உங்கள் இடப்பக்கமாகக் கடக்கும். கல் பாலங்களின் கீழ் இரண்டு படகுக்கு இடமில்லை. முதலில் நெருங்கியவர் போகட்டும், மற்றவர் ஒதுங்கி நிற்பார். பாலம் வரும்போது மேல்தளத்தில் இருப்பவர்கள் எல்லாரும் உட்கார வேண்டும், குடையை மடக்க வேண்டும். கப்பெஸ்தாங் ஊரின் வளைவுப் பாலம் தாழ்வுக்குப் பெயர்பெற்றது. அங்கே யாரும் கையைத் தூக்கிச் செல்ஃபி எடுக்க வேண்டாம்.

லாக்குக்குள்

இதைத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், இதற்காகத்தான் பின்னர் மறுபடி வர ஆசைப்படுகிறார்கள்.

லாக்குக்கு ஐந்நூறு மீட்டர் முன்பே வேலையைப் பங்கிட்டுவிடுங்கள். சுக்கானில் ஒருவர். முன்கயிற்றில் ஒருவர், பின்கயிற்றில் ஒருவர். மற்றவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். பாட்டி “பார்த்துப்பா, பார்த்துப்பா” என்று சொல்லிக்கொண்டே இருப்பார், அது பரவாயில்லை. எஞ்சின் சத்தத்தில் கத்துவது கேட்காது. கேட்டாலும் கோபமாகத்தான் கேட்கும். ஆகவே ‘நிறுத்து’, ‘இழு’, ‘விடு’ என்ற மூன்றுக்கும் கைச்சைகை பேசிவைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்கு நடுவில் இது மிக அவசியம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நின்று காத்திருங்கள். லாக் பணியாளரைப் பார்த்ததும் முதலில் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் நேராக “எப்போது திறப்பீர்கள்” என்று கேட்டால் மரியாதைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பச்சை விழுந்ததும் நடக்கும் வேகத்தில் உள்ளே போங்கள். சுவரில் இடிபடாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கும் மிதவைப் பந்துகள் எல்லாம் வெளியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இடிக்கப்போகிறது என்று தோன்றினாலும் காலையோ கையையோ நீட்டித் தள்ளாதீர்கள். பல டன் எடை அது, பந்து நசுங்கட்டும்.

இந்தக் கால்வாயின் தொட்டிகள் நீள்சதுரமில்லை, நடுவில் புடைத்த முட்டை வடிவம். தொடக்கத்தில் கட்டிய நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்ததால், ரிக்கே சுவரை வளைத்துக் கட்டினார். வளைவு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும். பார்க்க அழகு, ஆனால் நேரான படகு வளைந்த சுவரோடு ஒட்டி நிற்காது, ஒரு முனை ஒட்டினால் மறுமுனை விலகும். கயிறு பிடிப்பவருக்கு அதனால்தான் வேலை.

இறங்கும்போது: நீர் நிரம்பியிருக்கும், கரை உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கும். கயிற்றைக் கரையிலுள்ள இரும்புக் குமிழில் ஒரு சுற்று போட்டு, நுனியைத் திரும்பக் கைக்குக் கொண்டுவாருங்கள். முடிச்சுப் போடவே கூடாது. கீழ்க்கதவின் அடைப்பைத் திறந்ததும் தண்ணீர் வடிய, படகு சத்தமில்லாமல் கீழே போகும்; கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுங்கள். முடிச்சுப் போட்டிருந்தால் தண்ணீர் போய்விடும், படகு கயிற்றில் தொங்கும். பின்பக்கம் இன்னொன்றையும் கவனியுங்கள். மேல்கதவின் அடியில் ஒரு கல்திட்டு இருக்கிறது. நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. படகின் வால் அதன்மேல் இருந்தால் தண்ணீர் இறங்கும்போது வால் திட்டில் உட்கார்ந்து மூக்கு கீழே போய்விடும். ஆகவே எப்போதும் முன்னால் தள்ளி நில்லுங்கள்.

ஏறும்போது கதை வேறு. தொட்டி காலியாக இருக்கும், சுவர் உயர்ந்து நிற்கும், பாசி வழுக்கும், குமிழ்கள் தலைக்கு மேலே. லாக்குக்கு முன்னாலுள்ள சிறு இறங்குதுறையில் ஒருவரை இறக்கிவிடுங்கள். அவர் நடந்து மேலே போய் நிற்பார். நீங்கள் உள்ளே வந்ததும் கயிற்றை எறிய வேண்டும். அவர் குமிழில் சுற்றி நுனியைத் திருப்பிப் போடுவார். எதிரே மேல்கதவின் அடைப்புத் திறந்ததும் தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு பாய்ந்து வரும். படகை முதலில் பின்னால் தள்ளும், பிறகு முன்னால் இழுக்கும். முன்கயிற்றுக்காரர் குமிழைச் சுற்றிய கயிற்றை இறுக்கிப் பிடித்து, படகு உயர உயர, தளர்வதை உடனுக்குடன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் கயிற்றுக்கும் குமிழுக்கும் நடுவில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்தில் நுரை அடங்கும், சுவர் தாழும், மேலே நின்றவரின் செருப்பு தெரியும், முழங்கால் தெரியும், பிறகு அவர் படகுக்குள் கால்வைத்து ஏறிவிடுவார்.

வரிசையில் முன்னால் நிற்பவரை முந்த வேண்டாம். தண்ணீரை மிச்சப்படுத்த, மூன்று நாலு படகு சேர்ந்தபின் உள்ளே விடுவதும் உண்டு. அந்தக் காத்திருப்பில்தான் அக்கம்பக்கப் படகுக்காரர்களோடு பேச்சு வளரும்.

வழியில் எவற்றுக்காக நிறுத்துவது

பராசா ஊருக்கு அருகில் ரெப்யூத்ர் என்ற ஓடையைக் கால்வாய் ஒரு கல் பாலத்தின்மேல் கடக்கிறது, 1676-இல் முடிந்தது. படகில் போகும்போது பாலத்தில் போகிறோம் என்றே தெரியாது. கரையில் இறங்கி ஓடைப்பக்கம் போய் நிமிர்ந்து பாருங்கள். லெ சொமாய் ஊரில் கூன்விழுந்த பாலம், சிறு தேவாலயம், பெரிய பழைய புத்தகக் கடை. அந்தக் காலத்துப் பயணிப் படகுகள் இரவு தங்கிய ஊர் அது. நீங்களும் ஓரிரவு தங்குங்கள். அங்கிருந்து சற்றுத் தள்ளி நார்போனுக்குப் போகும் கிளைக்கால்வாய் பிரிகிறது. ஒரு வாரத்தில் அதற்கு நேரமில்லை.

மால்பா சுரங்கம்தான் இந்தப் பகுதியின் முத்து. 1679-இல் குடைந்தது. படகு போவதற்காக ஐரோப்பாவில் குடைந்த முதல் கால்வாய்ச் சுரங்கம் என்று இதைச் சொல்வார்கள். உள்ளே ஒரு படகுக்குத்தான் வழி. எதிரே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, ஒலிப்பானை அழுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போங்கள். அதே குன்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் ஒன்றும், அதற்கும் கீழே இடைக்காலத்து வடிகால் சுரங்கம் ஒன்றும் போகின்றன. அந்த வடிகால் எதற்கென்று தெரிய, படகைக் கட்டிவிட்டு என்செரூன் குன்றின்மேல் ஏறுங்கள். கீழே மோந்தாதி ஏரி. 13-ஆம் நூற்றாண்டில் நீரை வடித்து வயலாக்கியது. வரப்புகள் நடுப்புள்ளியிலிருந்து கதிர்போலப் பிரிந்து நிற்கும். மண்ணை நிரப்பிக் கடலை நிலமாக்கிய ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வேலை கூடுதலாகவே பிடிக்கும்.

கொலோம்பியேயில் படகை நிறுத்திவிட்டு, சைக்கிளில் ஃபோன்செரான் போய்வாருங்கள். தொட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குன்றிலிருந்து இறங்கும் இடம்; மொத்தம் 21.5 மீட்டர் இறக்கம். ஏறும் படகுகளுக்கும் இறங்கும் படகுகளுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குவதால், படகோடு போனால் அரை நாள் போகும். கரையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி மற்றவர்கள் படும் பாட்டைப் பார்ப்பதே மேல்.

கட்டுவதும் தங்குவதும்

தடைப் பலகை இல்லாத இடத்தில் கரையோரமாகப் படகைக் கட்டி இரவு தங்கலாம். முளையும் சுத்தியலும் படகிலேயே இருக்கும். மரத்தில் மட்டும் கட்டக் கூடாது. கால்வாயோரம் நின்ற சுமார் 42,000 பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் ஒன்று அழித்துவருகிறது. கால்வாயோரத்தில் 2006-இல் அது கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் வந்த அமெரிக்க வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு பிரான்ஸுக்குள் நுழைந்தது என்று கருதுகிறார்கள். கயிறு உராய்ந்து பட்டை கிழிந்தால் அந்தக் காயம் வழியாக நோய் ஏறும். இழுவைப் பாதைக்குக் குறுக்கே கயிற்றை நீட்டினால் சைக்கிள்காரர் விழுவார், அதையும் கவனியுங்கள். இருட்டியபின் படகு ஓட்டக் கூடாது.

மரங்களை வெட்டிய இடங்களில் நிழல் கிடையாது. “சிங்கப்பூர் வெயிலைப் பார்த்தவர்கள்” என்ற வீறாப்பு அங்கே செல்லாது. அது வறண்ட வெயில், வியர்வை தெரியாது, நாக்கு வறண்டபின்தான் தெரியும். ஜூன் பிற்பகுதியில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரும். பெரும்பாலான படகுகளில் குளிரூட்டி இருக்காது. காலையில் சீக்கிரம் புறப்பட்டு, மதிய அடைப்பை நிழலில் கழித்து, நான்கு மணிக்குமேல் மறுபடி ஓட்டுங்கள். மாலையில் கொசு உண்டு. கால்வாயில் குளிக்க அனுமதியில்லை. நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் மேல்தளத்தில் உயிர்காப்பு உடையோடு இருக்கட்டும்.

சமையல்

அடுப்பு எரிவாயுவில் எரியும். மின்சாரம் பெரும்பாலும் 12 வோல்ட் மின்கலத்திலிருந்துதான், ஆகவே மின்சாரச் சோற்றுப்பானையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றைப் பெட்டியில் போட்டால் வாரம் முழுவதும் சோறும் பருப்பும் கவலையில்லை. தேக்காவில் ரசப்பொடி, சாம்பார்ப்பொடி, புளி, அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நெய், பால்பொடி, பன்னீர், இறைச்சி, இறைச்சி கலந்த கறிப்பொட்டலம் எதுவும் வேண்டாம்; மாசிக்கருவாடு மட்டும் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பாற்பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. கறிவேப்பிலையும் பச்சைக் காய்களும் கூடாது. வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விதிவிலக்கு. டுரியானை ஐரோப்பா விட்டாலும் விமானத்தில் விடமாட்டார்கள். நெய்க்கு வழி சுலபம்: பிரெஞ்சு வெண்ணெய் ஒரு கட்டி வாங்கிப் படகடுப்பில் உருக்குங்கள்.

ஊருக்கு ஊர் வாரச்சந்தை நாள் மாறும்; காலையில் மட்டும்தான். சிற்றூர்க் கடைகள் மதியம் நீண்ட நேரம் மூடியிருக்கும், ஞாயிறு பிற்பகல் எதுவும் கிடைக்காது. அந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற பீன்ஸ் கறி கசூலேயில் பன்றி இறைச்சியும் வாத்தும் இருக்கும். பருப்புக்கூட்டு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஹலால் இறைச்சி வேண்டுபவர்கள் நார்போன், பெசியே நகரங்களில் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

திருப்பிக் கொடுப்பது

காலை ஒன்பது மணிக்கே படகைக் கேட்பார்கள். முந்தின நாள் மாலை ஏழுக்குள் கடைசி லாக்கைத் தாண்டி, ஓம்ப்ஸ் துறையிலேயே இரவு தங்கிவிடுங்கள். எஞ்சின் மணி எண்ணைப் படமெடுத்து, டீசல் கணக்கோடு ஒப்பிடுங்கள். குப்பையைப் பிரித்துப் போடுங்கள். படகு கைக்கு வந்த அன்று எடுத்த கீறல் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தவரோடு சேர்ந்தே படகைச் சுற்றி வாருங்கள். முன்வைப்புத் தொகை திரும்ப வருவதற்கான சீட்டை அங்கேயே கையொப்பத்தோடு வாங்குங்கள். ஓம்ப்ஸில் ரயில் நிலையம் இல்லை. நார்போனுக்கோ கர்கசோனுக்கோ போக வாடகைக் காரை இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள். சனிக்கிழமை காலையில் எல்லாப் படகுக்காரர்களும் அதே காரைத்தான் தேடுவார்கள்.